அக்காவின் தொண்டை

பெரியவளுக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. தங்கச்சி அதற்கு ஒன்பது வருஷம் கழித்துத்தான் பிறந்தாள். முட்டை வாங்கினால் பெரியவள் ஒவ்வொன்றையும் காதோரம் ஆட்டிப் பார்ப்பாள். கடைக்காரர் பொறுக்க மாட்டாமல், "இன்னிக்குக் காலையில வந்ததும்மா" என்பார். "எந்த மாசத்துக் காலையில?" என்பாள் இவள். வாசல் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து நாலாம் தரமும் இழுப்பாள். வேலை பார்க்கிற மில்லின் தறிக்கூடத்தில் புது நூல்கண்டு கொடுத்தால் முகர்ந்து பார்த்து வாங்குகிற ஒரே ஆள் அவள்தான்.

அப்படிப்பட்டவளிடம் லாரி ஓட்டுகிற புருஷன் ஒன்பது நாள் கழித்து வீடு வந்து, இருந்திருந்து அந்தப் பேச்சை எடுத்தார். அடுப்படியில் உட்கார்ந்து அவள் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவர் சுவரில் சாய்ந்து கால் நீட்டித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"காலையில என்னை அப்படிக் கத்தணுமா? ராத்திரி பூரா வண்டி ஓட்டிட்டு வந்தவன்."

"யாரு கத்தினா?"

"நீதான். நான் கதவுகிட்ட வரேன், உள்ளேருந்து சத்தம். ‘செருப்ப வெளிய விட்டுட்டு வா, இது வீடா லாரி ஷெட்டா’ன்னு. பயந்து போய்க் கழட்டி வச்சுட்டுத்தான் வந்தேன்."

"நான் காலையில அஞ்சரைக்கே ஷிப்டுக்குப் போயாச்சு."

"அதான் எனக்கும் புரியல. உள்ள வந்து பாத்தா நீ இல்ல. சின்னவ மட்டும் கரண்டியோட நிக்கிறா. அக்கா எங்கன்னு கேட்டா, மில்லுப் பக்கம் கைய காட்டுறா. தூக்கக் கலக்கம்னு நெனச்சுப் படுத்துட்டேன்."

பெரியவள் கையில் இருந்த உருளைக்கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பொம்பளைக் குரலா?"

"உன் குரல்தான்டி. எனக்குத் தெரியாதா? லாரில போன்ல நீ அனுப்புன பேச்சைப் போட்டுப் போட்டுத்தானே கேக்கிறேன்."

அந்தப் பேச்சை அவர் ஒரு தரம் அவளுக்கே போட்டுக் காட்டியிருந்தார். அது தன் குரல்தான் என்று அவள் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே இவர் எவள் குரலையோ கேட்டுவிட்டு நம் தலையில் கட்டுகிறார் என்றுதான் அவள் புத்தி முதலில் போனது. அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், பாத்திரத் தொட்டியில் தேநீர்க் கோப்பைகளை எண்ணினாள், சீப்பில் முடியைத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது அவளுக்கு இன்னும் மோசம்.

சின்னவளைக் கேட்டிருக்கலாம். ஆனால் சின்னவளிடம் எதைக் கேட்பதும் அந்த வீட்டில் பெரிய வேலை. இரண்டு பக்கமும் மெல்லிய சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்து ஆள் முனகுவது கேட்கும். ஆகவே மூன்று வருஷமாக வீட்டில் சின்னவளின் பேச்சு எல்லாம் காதோடு காதாக, மூச்சுக் காற்றாகத்தான்.

சின்னவள் பிறந்தபோது தம்பி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இருபத்தோரு வயதுவரை தம்பியாக இருந்து பார்த்து, முடியாமல், ஒரு மழை நாளில் பெண் உடுப்போடும் ஒரு துணிப்பையோடும் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். பெரியவள் பாதி நாள் அழுதாள், பாதி நாள் திட்டினாள், சாயங்காலம் தன் பழைய உடுப்புகளை எடுத்துத் தையலைப் பிரித்துத் தோளில் இரண்டு விரல் பெரிசாக்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து தங்கச்சி. பெரியவள் தன் ஆயுசில் சந்தேகப்படாத ஒரே விஷயம் அதுதான்.

உலகத்தின் மேல்தான் சந்தேகம். அதற்கும் காரணம் இருந்தது. வந்த முதல் மாசம் இரண்டு பேரும் பஸ்ஸில் போனார்கள். அழகாகத் தலைவாரி, கழுத்தில் துணி சுற்றி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சின்னவளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்டக்டர் வந்ததும், "ரெண்டு பேருக்கு" என்றாள் சின்னவள். அவ்வளவுதான். பழைய குரல் அது, கனத்த குரல். பஸ்ஸே திரும்பியது. பின்னால் ஒருத்தன் சிரித்தான், அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர். நடுவழியில் இறக்கிவிட்டார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் வீடுவரை பின்னாலேயே வந்து கதவில் சேற்றை அடித்துவிட்டுப் போனார்கள். ஒரே வாரத்தில் வீட்டை மாற்றினாள் பெரியவள். மாற்றிய கையோடு தங்கச்சிக்கு ஒரு சட்டமும் போட்டாள். வெளியில் வாயைத் திறக்கவே கூடாது.

மில்லில் தன் வாக்கை ஜாமீனாக வைத்து வேலை வாங்கிக் கொடுத்தபோது, "தொண்டையில ஆபரேஷன், பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று ஒரு பொய்யையும் கூடவே உள்ளே அனுப்பினாள். தறிக்கூடத்தில் அது யாருக்கும் குறையாகப் படவில்லை. நூற்றிருபது தறிகள் ஓடுகிற கொட்டகையில் யார்தான் பேசுகிறார்கள்? சொல்ல வேண்டியதை உதட்டாலும் கையாலும் சொல்வார்கள். கட்டைவிரலைக் கன்னத்தில் வைத்தால் தேநீர். இரண்டு விரலைக் கண்ணுக்கு நேரே வட்டமாகப் பிடித்தால் சூப்பர்வைசர் வருகிறாள் என்று அர்த்தம். கண்ணாடியம்மா என்று அவளுக்குப் பேர். கண்ணாடி அவ்வளவு தடிமன். காதே கேட்காத அந்த இடத்தில் சின்னவள் மற்ற எல்லோரையும்போல இன்னொரு நீலக் கோட்டுக்காரியாக மூன்று வருஷம் ஓட்டிவிட்டாள்.

ஓடிக்கொண்டே இருந்திருக்கும், அவளுக்கு அந்தக் கண் மட்டும் இல்லாமல் இருந்தால்.

புதன்கிழமை தேநீர் இடைவேளையில் கண்ணாடியம்மா பெரியவளைத் தேடி வந்தாள். கொட்டகைக்கு வெளியே, பஞ்சுத்தூசி படிந்த பெஞ்சில் பெரியவள் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"உன் தங்கச்சி கண்ணு எப்படிப்பட்டதுன்னு உனக்குத் தெரியுமா?"

"என்ன மேடம், ஏதாவது தப்புப் பண்ணிட்டாளா?"

"பக்கத்துத் தறில இழை விட்டா இங்கேருந்து பாத்து ஓடிப் போய் நிறுத்துறா. ஓடுற துணியில ஊசிமுனை ஓட்டை தெரியுது அவளுக்கு. எனக்கு இந்தக் கண்ணாடியப் போட்டும் தெரியல. திங்கக்கிழமையிலேருந்து அவளைத் துணி பாக்கிற ரூம்ல போடப்போறேன்."

பெரியவளின் ரொட்டி தேநீருக்குள் விழுந்தது. துணி பார்க்கிற அறை கொட்டகையின் கோடியில் தனியாக இருந்தது. தடித்த கதவு, பெரிய வடக்கு ஜன்னல், சாய்வான மேஜை. நெய்த துணி உருளையில் சுற்றி மேஜைமேல் வழிந்து வரும். பார்க்கிறவள் கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தால் ஒரு முழம் போய்விடும். ஆகவே ஒருத்தி பார்த்துக் குற்றத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: எத்தனையாவது மீட்டர், ஓட்டையா, முடிச்சா, எண்ணெய்க் கறையா, எந்தத் தறி. உருளையைச் சுற்றிக்கொண்டே இன்னொருவர் அதைச் சீட்டில் எழுதுவார். மில்லிலேயே வாயால் நடக்கிற ஒரே வேலை அதுதான்.

"அவளால பேச முடியாதே மேடம்."

"அதைத்தான் கேக்க வந்தேன்." கண்ணாடியம்மா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து பேசினால் அது நல்லதற்கில்லை என்று எல்லோருக்கும் தெரியும். "மூணு வருஷமா ஆறாத ஆபரேஷன் எந்த ஊர்ல இருக்கு? கழுத்துல துணியச் சுத்திக்கிட்டே இருக்கா. தழும்பு எங்க?"

"இருக்கு மேடம். உள்ளுக்குள்ள."

"உள்ளுக்குள்ள." அந்தச் சொல்லை அவள் முட்டையைப் போல ஆட்டிப் பார்த்தாள். "இன்னொண்ணு கேக்கிறேன், தப்பா எடுத்துக்காதே. நெசமா அவ உன் தங்கச்சிதானா? மூஞ்சியில ஒரு இடம்கூட ஒட்டலையே."

"அவ அப்பா ஜாடை."

"நீ?"

"நானும் அப்பா ஜாடைதான்" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கண்ணாடியம்மா எழுந்தாள். "திங்கக்கிழமை டாக்டர் சீட்டு கொண்டு வா. பேசவே கூடாதுன்னு எழுதியிருக்கணும். சீட்டு இல்லேன்னா அவ பேசணும். ரெண்டும் இல்லேன்னா, வேலைக்கு வரும்போதே பொய் சொன்னவங்களை என்ன பண்ணுவாங்கன்னு உனக்கே தெரியும். ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்."

அன்று ராத்திரி சாப்பாடானதும் பெரியவள் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டுத் தங்கச்சியின் காதருகே போனாள்.

"சீட்டுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு. தெரிஞ்ச கம்பவுண்டர் ஒருத்தர் எழுதித் தரேன்னிருக்கார். நீ வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."

"எத்தனை நாளைக்குக்கா?" என்றது மூச்சுக் காற்று.

"எத்தனை நாளைக்குன்னா? இருக்கிற வரைக்கும்."

"நான் பேசிட்டா?"

"பேசிட்டா என்னாகும்னு உனக்குத் தெரியாதா? பஸ்ஸ மறந்துட்டியா?"

"நீ மறக்க விட்டாத்தானே மறக்கிறதுக்கு."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் கண் சும்மா இருக்குமா? கதவோரம் மாட்டியிருந்த தங்கச்சியின் பையைப் பார்த்தது. அதன் அடியில் மண் ஒட்டியிருந்தது. ஈர மண், காய்கறியோடு வருகிற மண். நாலைந்து ஞாயிற்றுக்கிழமையாகவே சின்னவள், "சும்மா நடந்துட்டு வரேன்" என்று சைகை காட்டிவிட்டுப் போகிறாள், காய்கறியோடு வருகிறாள். அதுவும் நல்ல காய். பெரியவளே வாங்கினாலும் இப்படிப் பொறுக்கியெடுத்திருக்க முடியாது.

"இதெல்லாம் எங்க வாங்கினே?"

"வழியில."

"எப்படிக் கேட்டு வாங்கினே?"

"கைய காட்டித்தான்" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கையைக் காட்டினால் கடைக்காரன் சொத்தையைத்தான் போடுவான் என்பது பெரியவளுக்குத் தெரியாதா? யாரோ கூட இருக்கிறான் என்று முடிவு கட்டினாள். எவனோ ஒருவன் வாங்கிக் கொடுக்கிறான். எவனோ ஒருவனிடம் இது வாய் திறந்து பேசுகிறது. நாளைக்கு அவன் ஊரைக் கூட்டுவான். புருஷன் கேட்ட குரலும் இதுவும் அவள் மனதில் தனித்தனியாகவே கிடந்து கொதித்தன. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் பையை எடுத்ததும், பெரியவள் சோப்பு வாங்கப் போவதாகப் புருஷனிடம் சொல்லிவிட்டுப் பின்னால் கிளம்பினாள். வாசல் கதவை ஒரு தரம்கூட இழுத்துப் பார்க்காமல் போன ஒரே நாள் அது.

சின்னவள் தெருவைத் தாண்டினாள், கடைவீதியைத் தாண்டினாள், பாலத்தையும் தாண்டினாள். பெரியவளுக்கு மூச்சு இரைத்தது. இவ்வளவு தூரம் போகிறாள் என்றால் தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படக் கூடாது என்றுதானே? பாலத்துக்கு அப்பால் ஆற்றோரமாக ஒரு பெரிய காய்கறிச் சந்தை. தார்ப்பாய்க் கூரைகளுக்குக் கீழே சேறும் இரைச்சலும் அழுகல் வாசனையுமாக இருந்தது. சின்னவள் பழகின இடத்தில் நடப்பதுபோல நேராகப் போய் ஒரு கடை முன்னால் நின்றாள். பெரியவள் இரண்டு கடை தள்ளி வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். ஆளைத் தேடினாள். அவன் எங்கே?

அப்போதுதான் அந்தப் பேச்சு கேட்டது.

"என்னம்மா இது, பீன்ஸா கயிறா? நான் கட்டில் கட்டவா வந்திருக்கேன்?"

"காலையிலதான் பறிச்சது, கண்ணு" என்றாள் கடைக்காரி.

"எந்த மாசத்துக் காலையில?"

பெரியவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. நம் பேச்சை எவள் திருடிப் பேசுகிறாள் என்று எட்டிப் பார்த்தாள். கடை முன்னால் ஒரே ஒருத்திதான் நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு கை, பையில் ஒரு கை.

"அந்தக் கையத் தராசை விட்டு எடு. உன் கையையும் சேத்து எடை போட்டா, அதை நான் எதுல வேக வைக்கிறது?"

கடைக்காரி உடம்பு குலுங்கச் சிரித்தாள். பக்கத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பஸ்ஸில் கேட்ட சிரிப்பு இல்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் யாரையும் முழங்கையால் இடிக்கவில்லை. கீச்சுக் குரலுமில்லை அது. பஞ்சுத்தூசியில் அடிபட்ட மாதிரிக் கொஞ்சம் கரகரப்பு, பேச்சின் தலையில் ஒரு இழுப்பு, கடைசியில் வெடுக்கென்று ஒரு வெட்டு. புருஷன் போனில் போட்டுக் காட்டியபோது இது நானில்லை என்று சண்டை போட்டாளே, அதே குரல். கதவுக்கு உள்ளிருந்து அவரைச் செருப்பைக் கழற்ற வைத்த குரலும் இதுதான். வீட்டில் ஆள் இல்லாத காலை வேளைகளில் சின்னவள் தனியாக நின்று அக்காவின் திட்டுகளைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறாள். பெரியவள் வெங்காய மூட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, இந்த வாய அடக்க வீட்டுல ஆளே இல்லையா?" என்றாள் பீன்ஸ்காரி.

"இருக்கா. எங்கக்கா."

"அவ எப்படி? சாதுவா?"

"இதே வாய்தான். அவ பேச்சைக் கேட்டுத்தான் நான் பேசவே கத்துக்கிட்டேன்."

"அப்ப ஒரு நாள் அவளையும் கூட்டிட்டு வா. ரெண்டு பேருமா சேந்து என்னைக் கடைய மூட வச்சிடுங்க."

"வரமாட்டா. அவளுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

அந்தச் சமயம் பார்த்து ஒரு சுமைக்காரர் பெரியவளின் தோளைத் தட்டினார். "என்னம்மா, வெங்காயம் வாங்குறியா, இல்ல அதுகூடப் பேசிட்டிருக்கியா? வழிய விடு."

நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தால் போச்சு. இரண்டு கடை தள்ளி நிற்கிறவளுக்கு இந்தக் குரல் யாருடையது என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். பெரியவள் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். "என்ன, காது கேக்கலையா?" என்றார் அவர். அவள் கையைத் தூக்கித் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். முடியாது என்று விரலை ஆட்டினாள்.

சுமைக்காரரின் முகம் மாறியது. "ஓ, பேச வராதா? பாவம்" என்று அவளை ஒரு மூட்டையைப் போலவே தோளைப் பிடித்து நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். "பேச வராது போல" என்று அடுத்த ஆளிடமும் சொன்னார். அந்த ஆள் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவள் அங்கே இல்லாததுபோல அவள் தலைக்கு மேலாகப் பேசத் தொடங்கினான்.

அரைமணி நேரம் அவள் அப்படி நின்றாள். யார் இடித்தாலும் சொல்ல முடியவில்லை, யார் என்ன கேட்டாலும் பதில் இல்லை. அரைமணிக்கே இப்படி. மூன்று வருஷமாக இவளை இப்படி நிறுத்தி வைத்தோம் என்று அழுகை வந்தது. கூடவே பொறாமையும் வந்தது, அதையும் மறைப்பானேன்? முன்பின் தெரியாத பீன்ஸ்காரிக்கு இவ்வளவு பேச்சு. கூடப் பிறந்தவளுக்கு மட்டும் வெறும் மூச்சுக் காற்று.

சாயங்காலம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்தார்கள். கம்பவுண்டர் கொடுத்தனுப்பிய சீட்டு பெரியவளின் மில் கோட்டுப் பையில் மடித்துக் கிடந்தது. ‘நிரந்தரமாகப் பேசக் கூடாது’ என்று எழுதி, படிக்க முடியாத ஒரு கையெழுத்தும் இருந்தது. நல்ல சீட்டுதான். பெரியவளே நாலு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டாள்.

பீன்ஸை ஒடித்துப் பார்த்தாள். படக்கென்று ஒடிந்தது. ரேடியோ போடவில்லை. பெரியவள் குரலைத் தாழ்த்தாமலே கேட்டாள்:

"எந்த மாசத்துப் பீன்ஸ் இது?"

சின்னவளின் கை நின்றது. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பெரியவள் நிமிரவே இல்லை, குனிந்தபடி நாரை உரித்துக்கொண்டிருந்தாள். சின்னவளின் கழுத்துத் துணி ஏறி இறங்கியது. அந்த வாய் திறக்கும் என்று பெரியவள் காத்திருந்தாள். திறக்கவில்லை. சட்டம் போட்டவளே எடுக்கட்டும் என்று இருந்தாளோ என்னவோ. ஊரையே வாயால் அடிக்கிற பெரியவளுக்கும் தேவைப்பட்ட இடத்தில் ஒரு சொல் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை இரண்டு பேருக்கும் காலை ஷிப்ட். வாசலிலேயே கண்ணாடியம்மா கையை நீட்டினாள்.

"சீட்டு?"

பெரியவளின் விரல் கோட்டுப் பைக்குள் போய்க் காகிதத்தைத் தொட்டது. "மதியம் தரேன் மேடம்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"சரி, அது வரைக்கும் உக்காந்து பாக்கட்டும். கண்ணு எப்படின்னு பாப்போம், வாய் அப்புறம்" என்று சொல்லிக் கண்ணாடியம்மா சின்னவளைக் கூட்டிக்கொண்டு போய்த் துணி பார்க்கிற அறையில் விட்டாள். அங்கே குறிப்பெழுதுகிறவர் ஒருத்தர்தான். காதில் ஒரு பேனா, கையில் ஒரு பேனா என்று இருப்பதால் பேனாக்காரர் என்று பேர். போகும்போது சின்னவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பெரியவள் சைகை எதுவும் காட்டவில்லை. காட்டச் சைகை எதுவும் இல்லை. தேநீருக்கு உண்டு, கண்ணாடியம்மாவுக்கு உண்டு. இதற்கு யாரும் இன்னும் ஒன்று கண்டுபிடிக்கவில்லை.

எட்டாம் நம்பர் தறி பெரியவளுடையது. அன்றைக்கு அது சொன்னபடி கேட்கவில்லை. அல்லது இவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தரம் இழை அறுந்ததைப் பக்கத்துத் தறிக்காரிதான் காட்டினாள். அவள் கண் கொட்டகைக் கோடியில் இருந்த அந்தத் தடித்த கதவிலேயே இருந்தது. பேனாக்காரருக்குச் சந்தேகம் வந்திருக்குமோ? கழுத்துத் துணி நழுவியிருக்குமோ? கண்ணாடியம்மா இந்நேரம் உள்ளே போயிருப்பாளோ?

பதினொன்றரைக்கு மின்சாரம் நின்றது.

நூற்றிருபது தறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. அந்தக் கொட்டகையில் சத்தம் நின்றால் காது வலிக்கும். ஜெனரேட்டரைப் பார்க்கக் கண்ணாடியம்மா பின்பக்கம் ஓடினாள். மற்றவர்கள் பஞ்சைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். புழுக்கத்துக்காகக் காற்று வரட்டும் என்று பேனாக்காரர் அறைக்கதவைத் திறந்து வைத்தார் போல. அவர்களுக்கு ஜன்னல் வெளிச்சம் போதும், உருளையையும் கையாலேயே சுற்றலாம். மில்லில் அந்த ஒரு வேலை மட்டும் நிற்கவில்லை.

"பதினேழு மீட்டர், ஊடை இழை விட்டிருக்கு, முப்பத்தொண்ணாம் தறி. பத்தொம்பது மீட்டர், எண்ணெய்க் கறை, அதே தறி. அந்தத் தறிக்காரி நெய்யிறாளா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாளா?"

கொட்டகை முழுக்கக் கேட்டது. முப்பத்தொன்றாம் தறிக்காரி கோபத்தோடு எட்டாம் தறியைத்தான் திரும்பிப் பார்த்தாள். எல்லோருமே பார்த்தார்கள். பெரியவளின் வாய் மூடியிருந்தது.

பின்பக்கத்திலிருந்து கண்ணாடியம்மா வேகமாக வந்தாள். அவளும் கேட்டுவிட்டாள். இருட்டில் எட்டாம் தறிப் பக்கம் பார்க்காமல் நேரே அறைவாசலுக்குப் போய்விட்டாள்.

"தெரியும் எனக்கு. தறிய விட்டுட்டு உள்ள பூந்து, தங்கச்சிக்குப் பதிலா நீ கத்திக்கிட்டிருக்கியா? யாரை ஏமாத்தப் பாக்கிற? வெளிய வா."

"மேடம், நான் இங்க இருக்கேன்" என்றாள் பெரியவள்.

கண்ணாடியம்மா திரும்பினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். எட்டாம் தறிப் பக்கம் நிற்கிறவளைப் பார்த்தாள். அறைக்குள் மேஜை முன்னால் துணியிலிருந்து கண் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்தாள். மறுபடி இவளை.

"அப்ப அந்தத் தொண்டை ஆபரேஷன்?"

பெரியவள் கிட்டே போனாள். கை கோட்டுப் பைக்குள் இருந்தது. சீட்டு விரலுக்குள் கசங்கிச் சுருண்டது.

"ஆபரேஷன் எதுவும் இல்ல மேடம். பேசக் கூடாதுன்னு டாக்டர் யாரும் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"நீயா? ஏன்?"

"பயம். அவ குரலைக் கேட்டு யாராவது சிரிச்சிடுவாங்கன்னு பயம்."

கண்ணாடியம்மாவின் பார்வை சின்னவளின் கழுத்துத் துணியில் போய் நின்றது. அங்கேயே இருந்தது. பஸ்ஸும் சேறும் நடுவழியும் பெரியவளின் கண்முன்னால் வந்து போயின.

"சிரிக்க இதுல என்ன இருக்கு?" என்றாள் கண்ணாடியம்மா கடைசியில். "உன் குரலுக்கே இங்க யாரும் சிரிக்கலையே." பிறகு யோசித்து யோசித்துச் சொன்னாள். "மூஞ்சி ஒட்டலையேன்னு மூணு வருஷமா எனக்கு உறுத்தல். தொண்டை ஒட்டுது. இப்படி ஒரு தொண்டை கூடப் பிறந்தாத்தான் வரும்." உடனே அவளுக்குத் தன் வேலை ஞாபகம் வந்தது. "ஆனா பொய் பொய்தான். சாயங்காலம் ஆபீசுக்கு வா. வேலை இருக்கா இல்லையான்னு அங்க பேசிக்கலாம். என்னால எதுவும் சொல்ல முடியாது."

"வரேன் மேடம்."

"நானும் வரேன்" என்றது உள்ளேயிருந்து அந்தக் குரல். "அவ தனியா வந்தா நீங்க கேக்கிறதுக்கு மேலயே பேசிடுவா."

"யாரு, நானா?" என்றாள் பெரியவள். குரல் உடைந்தது, ஆனாலும் விடவில்லை.

பேனாக்காரர் பேனாவை உதறினார். "அடுத்ததைச் சொல்லும்மா. மை காயுது."

சின்னவள் முதல் முறையாகத் துணியிலிருந்து கண்ணை எடுத்து அக்காவைப் பார்த்தாள். ஒரு நொடிதான். திரும்பவும் குனிந்துகொண்டாள். பேனாக்காரர் அன்று காலை தறியிலிருந்து வந்த அடுத்த உருளையைச் சுற்றினார்.

"மூணு மீட்டர், பாவு இழை அறுந்திருக்கு. நாலு மீட்டர், மறுபடி பாவு. எட்டாம் நம்பர் தறி."

"எங்க?" பெரியவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். "எங்கடி அறுந்திருக்கு? காட்டு. எட்டாம் தறியில பாவு அறுந்ததா சரித்திரமே இல்ல."

"இதோ. கண்ணு எங்க வச்சிருந்தே?"

"உன் மேலதான் வச்சிருந்தேன், வேற எங்க வைக்கிறது?"

"அதுக்குத் துணி என்ன பண்ணும்? எழுதுங்க, மூணும் நாலும்."

"பாவுன்னு எழுதாதீங்க. அது முடிச்சு."

"முடிச்சுன்னா வெரல்ல தட்டும். தட்டுதா?"

பேனாக்காரர் பேனாவை நடுவில் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல யார் சொல்றதை நான் எழுதுறது? குனிஞ்சா ரெண்டும் ஒண்ணாவே கேக்குது."

மின்சாரம் வந்தது. நூற்றிருபது தறிகளும் சேர்ந்து கிளம்பின. அந்தச் சத்தம் வந்தால் யாராக இருந்தாலும் வாயை மூடிவிட்டுக் கையைத் தூக்குவார்கள். கொட்டகையில் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். அறைக்குள் இருந்த இரண்டு பேர் மட்டும் வாயை மூடவில்லை.